“வெறும் எம்.பி.பி.எஸ். தானுங்களா?”



சில ஞாயிறுகளுக்கு முன்பு ஆட்டையாம்பட்டியில் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது கோவில் முற்றத்தில் ஒரே மகிழ்ச்சி. தறிக்காரர் ஒருவரின் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, ஓராண்டுப் பயிற்சியையும் நிறைவு செய்து, மருத்துவக் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்துகொண்டு ஊர் திரும்பியிருந்தார். தகப்பனார் கையில் லட்டுத் தட்டு. சிறு வயதில் பீடச்சிறாரோடு ஓடி விளையாடிய பிள்ளை இன்று மருத்துவர்! யாருக்குத்தான் பெருமை இருக்காது?

வாழ்த்தி முடித்த கையோடு அடுத்த கேள்வி வந்தது.

“மேல என்ன பாப்பா படிக்கப் போறே? ஹார்ட்டா, எலும்பா?”

“இன்னும் முடிவு பண்ணலைங்க தாத்தா. இங்கயே கிளினிக் வெச்சுப் பார்க்கலாமான்னு ஒரு யோசனை இருக்குதுங்க.”

“வெறும் எம்.பி.பி.எஸ். தானுங்களா? அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?”

கேட்ட பெரியவர் பாசத்தோடுதான் கேட்டார். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் சற்று வாடியதைக் கவனித்தோம். வாய் திறந்து கேட்காவிட்டாலும், பக்கத்தில் நின்ற நாமும் மனதிற்குள் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தரை ஆண்டுகள் இரவு பகலாகப் படித்த படிப்பை ‘வெறும்’ என்று சொல்ல நமக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பழைய கிளினிக் நினைவில் இருக்கும். இரண்டு மர பெஞ்சு, ஒரு கம்பவுண்டர், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மருத்துவர். “உங்க அப்பாவுக்கும் நாப்பத்தஞ்சு வயசுலதான் சுகர் வந்துச்சு, நீ இப்பவே பார்த்துக்க” என்று நோட்டைப் புரட்டாமலே சொல்வார். மருமகளுக்கு ஏன் தூக்கம் வரவில்லை என்பதற்கான காரணம், மாமியாரைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொருவராக முதுமையடைந்து கதவைச் சாத்திவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் மருத்துவர்கள்தாம். ஆனால் சேலத்திலோ, கோவையிலோ, கடல் கடந்தோ சிறப்பு மருத்துவர்களாக இருக்கிறார்கள். கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது.

நம் ஊரைச் சுற்றி மருத்துவமனைகளுக்கா பஞ்சம்? சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986 முதல் இருக்கிறது. அரியானூர்ப் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் நாமக்கல்லிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்திற்குள் இதயத்திற்கு, சிறுநீரகத்திற்கு, மூளைக்கு என்று தனித்தனி நிபுணர்கள் கிடைக்கிறார்கள். ஆனால் “எனக்கு என்ன செய்கிறது என்றே தெரியவில்லை, நான் எந்த நிபுணரிடம் போக வேண்டும்?” என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பதிலைச் சொல்பவர்தான் குடும்ப மருத்துவர்.

அவர் இல்லாததால் என்ன ஆகிறது? நோயாளர் சந்திப்பிற்குச் செல்லும்போது நாம் அடிக்கடி பார்க்கிற காட்சியைச் சொல்கிறோம். கைமுறுக்கு சுற்றும் ஓர் அம்மா. முப்பது வருடமாகத் தரையில் உட்கார்ந்து மாவு பிசைந்து, எண்ணெய்ச் சட்டியின் முன் வெந்தவர். முட்டி வலி என்று எலும்பு மருத்துவரிடம் போனார். வலி மாத்திரை கொடுத்தார்கள். வலி நின்றது. கொஞ்ச நாளில் பிரஷர் ஏறியது. வேறொரு மருத்துவமனையில் பிரஷர் மாத்திரை. அதுவும் கட்டுப்படவில்லை என்று இன்னொரு மாத்திரை சேர்ந்தது. வயிறு எரிகிறது என்று மூன்றாவது இடத்தில் வயிற்றுக்கு மருந்து. இடையில் மெடிக்கலில் “முதுகு வலிக்குது” என்று சொல்லி வாங்கிய பட்டையில் இருந்ததும் அதே வலி மருந்து, பெயர்தான் வேறு! மஞ்சள் பையைக் கவிழ்த்தால் ஐந்து மருத்துவமனைக் கோப்புகள், பத்துப் பதினோரு மாத்திரைப் பட்டைகள்.

வலி மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும் என்பது மருத்துவ மாணவர் எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆகவே அந்த அம்மாவுக்கு வந்த மூன்று நோய்களும் உண்மையில் மூன்று நோய்கள்தானா? அந்தந்த நிபுணர் அவரவர் பங்கிற்குச் சரியாகவே வைத்தியம் பார்த்திருக்கலாம். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பையை முழுவதுமாகக் கவிழ்த்துப் பார்க்க ஒருவர் இல்லை, அவ்வளவுதான்.

காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் டெங்கு வருகிறது. அதற்குத் தனி மருந்து ஏதும் இல்லை. தினமும் ஒருவர் பார்த்து, நீர்ச்சத்து குறைகிறதா, வயிற்று வலி, வாந்தி, இரத்தக்கசிவு இருக்கிறதா, தட்டணுக்கள் இறங்குகின்றனவா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல் விடுகிற நாளில்தான் ஆபத்தே கூடுதல். அந்த நேரத்தில் ‘ஒரு ஊசி போட்டுக்கிட்டா சரியாயிடும்’ என்று வலி ஊசி போட்டுக்கொள்வது இரத்தக்கசிவை வரவழைக்கும் செயல். காத்திருந்து பார்ப்பதும், எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதும் பெரிய கலை. இதை நாம் ‘சின்ன டாக்டர்’ வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நார்வே நாட்டில் ஏறத்தாழ 45 இலட்சம் மக்களின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. அந்த நாட்டில் ஒவ்வொரு குடிமகனுக்கும் குடும்ப மருத்துவர் ஒருவர் உண்டு. ஒரே மருத்துவரிடம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து இருந்தவர்களை, ஓராண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசரமாக மருத்துவமனையில் சேர்வது ஏறக்குறைய 28 விழுக்காடும், இறப்பு 25 விழுக்காடும் குறைவாக இருந்ததாம். புதிய மருந்தோ இயந்திரமோ எதுவும் இல்லை. ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். நார்வே பணக்கார நாடு, அங்கிருப்பதை அப்படியே இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்பது சரி. ஆனால் நம் அப்பா, தாத்தா காலத்தில் அந்தப் பணக்கார நாட்டின் செல்வம் ஒன்று ஆட்டையாம்பட்டியிலும் இருந்தது என்பதை மறந்துவிட வேண்டாம்.

இது எப்படி நம் கையை விட்டுப் போனது?

சுதந்திரத்திற்கு முன்பு நம் ஊர்களில் ‘எல்.எம்.பி. டாக்டர்’ என்று இருந்தார்கள். பட்டப்படிப்பு இல்லை, மருத்துவப் பள்ளியில் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள். இன்றைய ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிகூட 1938-இல் கல்லூரியாக உயரும் முன்பு அத்தகைய பள்ளியாக இருந்ததுதான். 1946-இல் வெளிவந்த போர் குழு அறிக்கை, நாட்டின் மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவர்களே என்று கண்டது. ஆனாலும் இனி ஒரே வகை மருத்துவர், ஒரே பட்டம் போதும் என்று பரிந்துரைத்தது. எண்ணம் உயர்ந்தது: ஏழைக்கு ஒரு தரம், பணக்காரருக்கு ஒரு தரம் கூடாது, ஊர் மக்களோடு வாழ்கிற ‘சமூக மருத்துவர்’ உருவாக வேண்டும் என்பது அவர்கள் கனவு. நம் தமிழ்நாட்டின் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தவர்.

நடந்ததோ வேறு. எம்.பி.பி.எஸ். மாணவர் பெரிய மருத்துவமனையில், நிபுணர்களால் மட்டுமே பயிற்றுவிக்கப்படுகிறார். சிறுநீரக நிபுணர் வகுப்பெடுக்கிறார், நரம்பியல் நிபுணர் வகுப்பெடுக்கிறார். ஒரு நல்ல குடும்ப மருத்துவரைப் பேராசிரியராக அவர் கண்டதே இல்லை. பார்க்காத ஒருவரைப் போல ஆக வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கு ஆசை வரும்? நம் குருமடத்தில் பங்குப் பணியையே பார்க்காத பேராசிரியர்கள் மட்டும் இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் பங்குத்தந்தையராகி இருப்போமோ தெரியவில்லை!

இங்கிலாந்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அடிப்படைப் பயிற்சியும் முடித்தவர், குடும்ப மருத்துவராவதற்கென்றே மேலும் மூன்று ஆண்டுகள் தனிப் பயிற்சி பெற வேண்டும். அங்கே அது ஒரு சிறப்புத் துறை. அந்நாட்டின் தொழில் நகரங்களில் வெள்ளைக்கார இளைஞர்கள் போக விரும்பாத கிளினிக்குகளை 1960-களிலிருந்து தாங்கிப் பிடித்தவர்களில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்ற மருத்துவர்கள் கணிசமானோர். தொழிலாளியின் நெஞ்சுச் சளியையும் அவன் வீட்டுக் கவலையையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர்களை நாம் ஏற்றுமதி செய்தோம். அதே ஆட்கள் நம் ஊரில் தங்கியிருந்தால் ‘வெறும் எம்.பி.பி.எஸ்.’ என்றிருப்போம்.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய தேர்வு வாரியம் 1980-களிலேயே குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. படிப்பைத் தொடங்கியது. 2002-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை இத்துறையில் ஆட்கள் பற்றாக்குறையை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. வேலூர் சி.எம்.சி. 2006-இல், ஏற்கெனவே கிராமங்களில் பணியாற்றுகிற எம்.பி.பி.எஸ். மருத்துவர்கள் தங்கள் கிளினிக்கை மூடாமலேயே படிக்கும்படி, குடும்ப மருத்துவத்தில் இரண்டாண்டு தொலைநிலைப் பட்டயப் படிப்பைக் கொண்டுவந்தது. ‘குறைவாக அனுப்பு, அதிகமாகத் தீர்த்து வை’ என்பது அதன் நோக்கம். 2010-இல் குடும்ப மருத்துவர்கள் தங்களுக்கென ஓர் அகில இந்தியக் கழகத்தை அமைத்துக்கொண்டு, தங்கள் துறைக்கு இடம் கேட்டுக் குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிப்பும் வந்தது. 2016-இல் நாடாளுமன்றக் குழுவும் இதை வலியுறுத்தியது. 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஒரு படி மேலே போய், குடும்ப மருத்துவத்தில் முதுநிலைப் படிப்புகளை ஊக்குவிப்பதை முதுநிலைக் கல்வி வாரியத்தின் கடமைகளுள் ஒன்றாகவே எழுதி வைத்தது.

சட்டத்தில் எழுதியாகிவிட்டது. ஆனால் ஒரு மாணவி முதுநிலைக் கலந்தாய்வில் உட்காரும்போது, அவர் முன்னால் விரியும் இடங்களின் பட்டியலில் குடும்ப மருத்துவம் எவ்வளவு சிறிய மூலையில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பட்டம் பெற்று வந்தாலும், அரசுப் பணியில் அதற்கென்று எந்த நாற்காலி காத்திருக்கிறது?

அரசு மருத்துவர்களின் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் நம் மக்களில் பெரும்பாலோருக்கு இன்று குடும்ப மருத்துவர் என்று யாராவது உண்டென்றால், அவர் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர்தாம். கர்ப்பிணிப் பெண், தடுப்பூசிக் குழந்தை, சுகர் மாத்திரைக்கு நிற்கும் பெரியவர், நாய் கடித்தவர், எல்லாரையும் ஒரே காலையில் பார்க்கிறவர் அவர். நாட்டிலேயே முதல் பொதுச் சுகாதாரச் சட்டத்தை 1939-இல் கண்ட மாநிலம் நம்முடையது. அந்த அடித்தளத்தின் மேல்தான் அவர் நிற்கிறார்.

ஆனால் அவருக்கு முன்னேற்றம் எந்தத் திசையில் இருக்கிறது? தமிழ்நாட்டில் முதுநிலைப் படிப்பில் அரசு மருத்துவர்களுக்குப் பாதி இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்தன. கிராமத்தில் சில ஆண்டுகள் உழைத்தால் மேற்படிப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் பல இளைஞர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்தார்கள். 2017-இல் அந்த ஒதுக்கீடு சிக்கலுக்குள்ளானபோது மருத்துவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். பிறகு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 2020 ஆகஸ்டு 31 அன்று, பணியிலிருக்கும் மருத்துவர்களுக்குத் தனி வழி அமைத்துக்கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் நடத்திய வழக்கு அது. அந்த வெற்றியால் நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு அறுவை சிகிச்சை நிபுணர்களும் மகப்பேறு நிபுணர்களும் கிடைத்தார்கள், கிடைக்கிறார்கள். அது பெரிய நன்மை, அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. அந்த ஏணியின் ஒவ்வொரு படியும் நம் ஊரை விட்டு வெளியேறுகிற படி. ஏழு ஆண்டுகள் நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்த்து, நம் பெயர்களைத் தெரிந்துகொண்டு, நம் வீட்டுச் சண்டைகள்கூடத் தெரிந்த பிறகு, ‘முன்னேற வேண்டும்’ என்றால் அவர் போய்விட வேண்டும். நம்மோடு தங்கி, தன் திறமையை இதே வேலையில் வளர்த்துக்கொண்டு, அதற்கேற்ற பதவியும் ஊதியமும் பெறுவதற்கு ஒரு படிகூடக் கிடையாது.

ஊதியம் என்ற சொல்லை ஆன்மீகப் பக்கத்தில் எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். கூலிக்குத் தறி ஓட்டுகிற மக்களின் பங்கில் இருந்துகொண்டு அப்படி நினைக்க நமக்கு உரிமை இல்லை. குறிப்பிட்ட கால இடைவெளியில் மருத்துவர்களுக்குப் பதவி, ஊதிய உயர்வு அளிக்கும் அரசாணை 354, 2009-இல் வந்தது. அதை மறு ஆய்வு செய்து, மத்திய அரசு மருத்துவர்களுக்கு இணையான ஊதியம் தர வேண்டும் என்று கேட்டு 2019 அக்டோபர் இறுதியில் மாநிலம் முழுவதும் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நவம்பர் 1 அன்று பணிக்குத் திரும்பினார்கள். ஆனால் பலர் தொலைதூர ஊர்களுக்கு இடமாற்றம் செய்யப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் நம் சேலம் மாவட்டத்து மேட்டூரைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி நரசிம்மன். 2020 பிப்ரவரியில் அவர் காலமானார். அதே மாத இறுதியில் இடமாற்ற உத்தரவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் இரத்து செய்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

வேலைநிறுத்த நாட்களில் நோயாளர் பட்ட துன்பத்தை நாம் மறக்கவில்லை. மருத்துவமனை வாசலில் காத்திருந்து திரும்பிய ஏழைக்கு அரசாணை எண் தெரியாது. ஆனால் சுகாதாரத்தில் நாட்டிற்கே முன்மாதிரி என்று மேடையில் பேசப்படும் மாநிலத்தில், அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் தங்களுக்கு நியாயம் கேட்டதும் ‘பணத்தாசை’ என்றோம் அல்லவா? அது சரிதானா?

தனியார் கிளினிக் பக்கம் வருவோம். வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் என்பவர் ஐந்து ரூபாய்க்கு வைத்தியம் பார்த்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்தப் பகுதியே கண்ணீர் விட்டது. வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம், 2020-இல் மறைந்தவர், அவரும் ஐந்து ரூபாய் மருத்துவர்தாம். கோவையில் டாக்டர் பாலசுப்பிரமணியம் இருபது ரூபாய் மருத்துவர், 2016-இல் மறைந்தார். இவர்களை நினைக்கையில் தலை தானாக வணங்குகிறது.

ஆனாலும் இவர்களைப் புகழ்வதில் நமக்குள் ஒரு கள்ளத்தனம் இருக்கிறதோ என்ற ஐயம் எழுகிறது. ஐந்து ரூபாய் மருத்துவரை வணங்குகிற நாம், நூறு ரூபாய் கேட்கிற மருத்துவரைக் ‘காசு பிடுங்கி’ என்கிறோம். அதே நாம் நகரத்து மருத்துவமனையில் ஸ்கேனுக்கு ஆயிரங்களை வாய் பேசாமல் கட்டிவிட்டு வருகிறோம். இயந்திரத்திற்குக் கொடுப்போம், அரை மணி நேரம் உட்காரவைத்து, கேட்டு, தொட்டுப் பார்த்து, “உங்களுக்கு ஸ்கேன் தேவையில்லை” என்று சொல்லும் மனிதருக்குக் கொடுக்க மனம் வராது! வாடகை கட்டி, செவிலியருக்குச் சம்பளம் கொடுத்து, படிப்புக் கடனையும் அடைக்க வேண்டிய இளம் மருத்துவர், மலிவாக இருந்தால்தான் நல்லவர் என்று நாம் சொன்னால், அவர் எங்கே போவார்?

வெனிசுவேலாவின் ஹோசே கிரகோரியோ எர்னாண்டஸ் என்ற மருத்துவர் 2025 அக்டோபர் 19 அன்று புனிதராக உயர்த்தப்பட்டதை நம் மறைமாவட்டங்களில் கொண்டாடினோம். ‘ஏழைகளின் மருத்துவர்’ என்றே அவருக்குப் பெயர். 1919-இல், நோயாளி ஒருவருக்கு மருந்து வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தபோது கார் மோதி இறந்தவர். அவரது இலவச வைத்தியத்தை மட்டும் பேசுகிறோம். அவர் பாரிசுக்குச் சென்று மேற்படிப்பு படித்தவர். நுண்ணுயிரியலைத் தன் நாட்டுப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டுவந்த பேராசிரியர். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்ததனால் அவர் ‘வெறும்’ மருத்துவராக நின்றுவிடவில்லை. அவருடைய நாடு அவரைப் படிக்க அனுப்பியது, நாற்காலியும் கொடுத்தது.

அரசும் பாதி வழியில் நின்றுவிடுகிறது. 2020 டிசம்பரில் அம்மா மினி கிளினிக் என்று 2,000 கிளினிக்குகள் அறிவிக்கப்பட்டன. தற்காலிக நியமனங்களோடு நடந்த அவை 2022 தொடக்கத்தில் மூடப்பட்டன. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ உண்மையிலேயே நல்ல திட்டம். படுக்கையில் கிடக்கும் பெரியவரின் வீட்டு வாசலுக்கே சுகர், பிரஷர் மாத்திரை வருகிறது, 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. வீட்டுக்கு வரும் சகோதரிகளை நாமே பார்த்திருக்கிறோம், வெயில் என்று பாராமல் நடக்கிறார்கள். மாத்திரை வீடு வந்து சேர்கிறது. அந்த மாத்திரையை மாற்ற வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்று ஆண்டுக்கணக்கில் ஒரே ஆள் யோசிப்பதற்குத்தான் ஏற்பாடு தேவை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்டுகிறது, எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கிளினிக்கில் சாதாரணமாகப் பார்த்துக்கொள்ளும் செலவுக்கு அதில் இடமில்லை. கால் அழுகி வெட்டும் நிலை வந்தால் காப்பீடு உண்டு. ஒவ்வொரு மாதமும் காலைப் பார்த்து, புண் வராமல் காக்கிறவருக்கு எதுவும் கிடையாது.

சட்டங்களும் ஒரு பக்கம் இறுக்குகின்றன. தனியார் மருத்துவ நிலையங்களை முறைப்படுத்தும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு 2018-இல் விதிகள் வந்தன. போலிகளை ஒழிக்க முறைப்படுத்துதல் தேவைதான். ஆனால் எழுதுவதற்கு ஆளும் கணினியும் உள்ள பெரிய மருத்துவமனைக்கும், ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிளினிக்கிற்கும் அந்தச் சுமை ஒரே அளவில் கனப்பதில்லை.

நம் திருஅவையையும் விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குண்டூரில் பணியாற்றிய மருத்துவத் துறவி அருள்சகோதரி மேரி குளோரி 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியபோது, நம் பலம் அருள்சகோதரியரின் சின்னச் சின்ன மருந்தகங்களில்தான் இருந்தது. இன்று பல ஊர்களில் அவை பூட்டிக் கிடக்கின்றன. நம் மருத்துவமனைகளின் வாசல் பலகையிலும் ‘வருகை தரும் நிபுணர்கள்’ பெயர்கள்தாம் பெரிய எழுத்தில். நாள் முழுதும் உட்கார்ந்து எல்லாரையும் பார்க்கும் மருத்துவரின் பெயர் கீழே, சிறிய எழுத்தில். குடும்ப மருத்துவம் படிக்க ஓர் இளைஞரை அனுப்பி, திரும்பி வந்ததும் நிபுணருக்கு இணையான ஊதியம் கொடுத்து, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் தந்தால் என்ன? பள்ளிக்கூடம் கட்ட நிதி திரட்டத் தெரிந்த நமக்கு இது முடியாததல்ல.

அந்தப் பிள்ளையிடம் திரும்பி வருவோம். அன்று மாலை தகப்பனாரோடு பங்கு இல்லத்திற்கு வந்திருந்தார். வேலூர்ப் படிப்பைப் பற்றி விசாரித்திருக்கிறார், டி.என்.பி. எழுதலாமா என்றும் யோசனை. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, “ஃபாதர், நான் இங்க உட்கார்ந்தா நீங்க என்கிட்ட வருவீங்களா?” என்று கேட்டார்.

நாம் கடந்த ஆறு ஆண்டுகளாகச் சேலத்தில் ஒரு நிபுணரிடம் சுகருக்கும், இன்னொருவரிடம் இதயத்திற்கும் போய்க்கொண்டிருக்கிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை. மேசை இழுப்பறையிலிருந்த மாத்திரைகளை எடுத்து அவர் முன் வைத்தோம். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஒரு தாளில் எழுதி, இரண்டின் பெயருக்கு நேராகக் கேள்விக்குறி போட்டார். “நிறுத்தச் சொல்லலைங்க ஃபாதர். அடுத்த தடவை போறப்போ இந்தத் தாளை ரெண்டு பேருக்கும் காட்டுங்க” என்றார்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு, இரண்டாம் திருப்பலிக்குப் பின் அவர் பங்கு மன்றத்தில் இருப்பார். அன்பியப் பொறுப்பாளர்கள் தங்கள் பகுதியில் மூன்று மாத்திரைகளுக்கு மேல் சாப்பிடும் பெரியவர்களை அழைத்து வரவும். மெடிக்கலில் நேரடியாக வாங்கியவை உட்பட எல்லா மாத்திரைகளையும், பழைய சீட்டுகளையும் அப்படியே பையோடு கொண்டுவர வேண்டும். பார்ப்பதற்குக் கட்டணம் நூறு ரூபாய். இயலாதவர்களுக்கு வின்சென்ட் தே பவுல் சபை கட்டும்.